பட்டியலில் இல்லாத தலைவர்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்த நூருல் அமீன், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலை மூன்று முறை படித்தார். அவர் பெயர் இல்லை. வீட்டு எண்ணுக்கு நேராக ‘சைதுன் பீவி’ என்றிருந்தது. அது அவர் மனைவியின் பெயர்.

பதினெட்டு வருடமாக அந்த ஜமாஅத்துக்கு அவர்தான் தலைவர். சிதம்பரம் பஜாரில் ஜவுளிக்கடை நடத்தி, அதை மகனிடம் கொடுத்துவிட்டு, முழுநேரமும் பள்ளிவாசல் வேலையாக இருந்தவர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை தொழுகை முடிந்ததும் யாராவது எழுந்து, “அமீன் பாயே இருக்கட்டும்” என்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதுதான் தேர்தல். இந்த முறை யாரோ கோர்ட்டில் மனுப் போட்டதில், முறையாக வாக்குப்பதிவு நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்து, கடலூரிலிருந்து செம்பியன் என்ற அரசு அதிகாரியைத் தேர்தல் நடத்த நியமித்திருந்தார்கள். அமீன் கவலைப்படவில்லை. எதிர்த்து நின்ற அவருடைய மச்சான் நவ்ஷாத்துக்கு இருபது ஓட்டு விழுந்தால் அதிகம் என்று நினைத்திருந்தார்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அதில் நூற்று முப்பத்தொன்று பெண்கள்.

மறுநாள் சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு என்று விசாரித்துக்கொண்டு, காலை பஸ்ஸிலேயே கடலூர் போய்ச் சேர்ந்தார். செம்பியன் எழுந்து நாற்காலி போட்டார். முன்னால் ஜமாஅத்தின் விதிமுறைப் புத்தகம் கிடந்தது.

“பாய், ஆறு வருஷம் முன்னாடி நீங்க திருத்தின விதி இது. ‘இம்மஹல்லா முகவரியில் உள்ள குடும்ப அட்டையில் குடும்பத் தலைவராக இருப்பவரே வாக்களிக்கவும் போட்டியிடவும் தகுதியுடையவர்.’ கீழ உங்க கையெழுத்துதான?”

அவருடையதுதான். பள்ளிவாசல் பகுதியை விட்டுச் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் குடியேறிவிட்டவர்கள் தேர்தல் என்றால் மட்டும் வந்து குழப்பம் செய்யக்கூடாது என்று அவரே உட்கார்ந்து எழுதிய விதி அது. அதற்குப் பிறகு குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் உரிமைத் தொகை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, தெருவே திரண்டு போய் அட்டையில் தலைவர் பெயரை மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டது. அமீனும் மாற்றினார். அதை அவர் மறந்தே போயிருந்தார்.

“சார், எங்க பள்ளிவாசல்ல யாரு தலைவர்னு கவருமெண்டு சொல்லலாமா?”

“சொல்லல பாய். உங்க வீட்டுல யாரு தலைவர்னுகூட நாங்க சொல்லல. நீங்க எழுதிக் குடுத்தீங்க, நாங்க கார்டு அடிச்சோம். நான் எதையும் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல.”

“விதிய மாத்திக்கிறோம்.”

“தாராளமா. பொதுக்குழு கூட்டுங்க. ஆனா பொதுக்குழுவுல கை தூக்குறதும் இதே பட்டியல்ல இருக்கவங்கதான்.”

 அமீனுக்கே சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வந்ததும் இமாம் சுஹைப் ஹஜ்ரத்தைப் பார்த்தார். மார்க்கத்திலாவது ஒரு பிடி கிடைக்காதா என்ற நப்பாசை.

“ஹுதைபியா உடன்படிக்கையப்ப, மக்காவுக்குள்ள போக முடியாம தோழர்கள் மனசு ஒடிஞ்சு அப்படியே உக்காந்துட்டாங்க,” என்றார் ஹஜ்ரத். “அப்ப நபியவுங்களுக்கு வழி சொன்னது அவுங்க மனைவி உம்மு ஸலமா நாயகி. அவுங்க சொன்னபடிதான் நபியவுங்க செஞ்சாங்க. இத வெச்சுக்கிட்டு பொம்பளைங்க கருத்து சொல்லக்கூடாதுன்னு நான் எப்படி சொல்லுவேன் மாமா?”

மிச்சமிருந்தது ஒரே வழி. பட்டியலில் திருத்தம் கேட்க நாலு நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் அட்டையில் தலைவர் பெயரை மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். திங்கட்கிழமை பஜாரில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தார். விண்ணப்பம் பாதி போனதும் அங்கே வேலை பார்த்த பெண், “ஓடிபி சொல்லுங்க” என்றாள். அது சைதுன் பீவியின் போனுக்குப் போயிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லு.”

“எதுக்கு?”

“ஒரு திருத்தம்.”

“என்ன திருத்தம்னு சொல்லுங்க, நம்பரச் சொல்றேன்.”

அவர் சொல்லவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. நேரம் முடிந்து அந்த எண் காலாவதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது சைதுன் பீவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது. அவள் கோபப்படவில்லை. மீன் குழம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கடை போடறதுக்கு முன்னாடி நீங்க துபாய்ல ஒம்போது வருஷம் இருந்தீங்க. ரெண்டு புள்ளைங்களப் படிக்க வெச்சது யாரு, இந்த வீட்டக் கட்டினது யாரு? எம்பேரு அதுல இருந்தா என்ன தப்பு?”

“தப்புன்னு சொல்லல.”

“அப்பறம் எதுக்கு மாத்தப் போனீங்க?”

அவர் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். கடைசியில், “நான் நிக்க முடியாது. நீ நில்லு” என்றார். வேட்புமனு போட இன்னும் நாள் இருந்தது; அன்று காலையிலேயே அவருடைய ஆட்கள் சொன்ன யோசனை அது. பெயர் அவளுடையது, நிர்வாகம் இவருடையது.

சைதுன் பீவி அவரையே பார்த்தாள். “நிக்கிறேன். ஆனா ஜெயிச்சா அந்த நாற்காலியில நான்தான் உக்காருவேன். கூட்டத்துக்கு நீங்க வரக்கூடாது.”

“சரி,” என்றார், பேச்சுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் வாக்குப்பதிவு. தெருவில் அவ்வளவு பெண்கள் ஒன்றாக வரிசையில் நின்று அவர் பார்த்ததில்லை. ஓட்டுப் போடுவதற்கென்று பரங்கிப்பேட்டையில் உள்ள மகள் வீட்டிலிருந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். கணவன்மார்கள் எதிரே டீக்கடையில் நின்றார்கள். மாலையில் செம்பியன் முடிவை வாசித்தார். சைதுன் பீவிக்கு நூற்று இருபத்தாறு. மனைவியை இழந்து, தன் பெயரிலேயே அட்டை வைத்திருந்த நவ்ஷாத்துக்கு எழுபத்தைந்து.

முதல் கூட்டத்தன்று அமீன் பழக்க தோஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தார். அலுவலகப் படியில் கால் வைக்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.  அவர் காலை எடுத்துக்கொண்டார். நவ்ஷாத் டீக்கடையிலிருந்து, “வா மச்சான், நாம ரெண்டு பேருமே தோத்துட்டம்” என்று கூப்பிட்டான். முதலில் சுருக்கென்றது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து டீயை முழுக்கச் சூடாகக் குடித்தபோது, கூட்டத்தில் பேசிப் பேசி ஆறிப்போன டீயைக் குடித்தே பதினெட்டு வருடம் போய்விட்டது நினைவுக்கு வந்தது.

அன்று எடுத்த முதல் தீர்மானம், கணவன் மனைவி வழக்குகளில் பெண்ணை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் ஜமாஅத் பேசக்கூடாது என்பது. இத்தனை காலம் பெண்ணின் அத்தாவையோ அண்ணனையோ கேட்டே அவர் முடிவு சொல்லியிருந்தார். அது நியாயம்தான் என்று நம்பியும் இருந்தார். தீர்மானத்தைப் படித்த அன்று முழுக்க, தான் பேசி முடித்த இரண்டு மூன்று வழக்குகள் மனதில் வந்து போயின.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கதவு தட்டப்பட்டது. இடுப்பில் குழந்தையோடு நஜியா நின்றாள். பின் தெருவில் குடியிருப்பவள். இத்தனை வருடத்தில் இந்த வாசலுக்கு அவள் வந்ததே இல்லை. அவரைப் பார்த்ததும் தயங்கினாள்.

“தலைவர் இருக்காங்களா மாமா?”

“இருக்காங்க, உள்ள வாம்மா,” என்றார் அமீன். சைதுன் பீவியை எழுப்பிவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. கடைக்குப் போய் மகனோடு கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம் என்று மெதுவாக நடந்தார்.