அலமாரிக்குப் பின்னால் ஒரு டாம்பர்

கார்டு சார் காலையில் எழுந்ததும் டி.வி.யைச் சத்தமாகப் போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விடுவார். பார்ப்பதற்கல்ல, வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் அந்த ஏழாவது மாடி வீட்டில் அவர் மட்டுமே. கடல் தாண்டி இருந்த மகள் போனில் கூப்பிட்டாலும், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதற்கு மேல் பேச்சு நகராது.

அன்று கதவைத் தட்டியது, கட்டடத்தைப் பராமரிக்கும் இன்ஜினீயர் பெண்.

"சார், உங்க பின்னறைச் சுவருக்குள்ள ஒரு டாம்பர் இருக்கு. அலமாரியை நகர்த்தினா பாத்துடலாம்."

"டாம்பரா? அது என்னம்மா?"

"பைக்குல ஷாக் அப்சார்பர் இருக்குல்ல, அது மாதிரி. உருளைக்குள்ள எண்ணெய் இருக்கும். நிலம் நடுங்கி கட்டடம் ஆடினா, அந்த ஆட்டத்தை அது வாங்கிக்கும். உங்க வீட்டுல இருக்கறது கசியுது போல. கீழ் வீட்டுக் கூரையில எண்ணெய்க் கறை தெரியுது."

அலமாரி மனைவியுடையது. அவள் மடித்துவைத்த துணிகள் உள்ளே மடிப்புக் கலையாமல் இருந்தன. அதில் அவர் யாரையும் கைவைக்க விட்டதில்லை.

"அதைத் தொடக்கூடாதும்மா. நான் ஒண்டிக்கட்டை. ஆடினா ஆடிட்டுப் போகட்டும். எனக்காக அழ யாரு இருக்கா?"

அவள் மறுபடியும் வந்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் கெஞ்சிப் பார்த்தார். கார்டு சார் பிடிகொடுக்கவே இல்லை.

ஒரு பிற்பகலில் நிலம் நடுங்கியது. பாத்திரங்கள் உருண்டன. எல்லாரும் தடதடவென்று கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அவர் கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் ஏதோ சரிந்து விழுந்தது. கூடவே ஒரு அலறல்.

ஆட்டம் அடங்கியதும் கதவைத் திறந்தார். மாடிப்படிச் சுவரின் காரை பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. தூசிக்கு நடுவே, தோளைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏம்மா, எல்லாரும் கீழே ஓடும்போது நீ ஏன் மேலே வந்தே?"

"நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான் சார்..."

அவர் குனிந்து, அடிபடாத கையைப் பிடித்து அவளை மெதுவாக எழுப்பினார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தோள் எலும்பு முறிவு என்றார்கள். பார்க்க வந்த இன்ஜினீயர் பெண் குற்றம் சொல்லவில்லை. "மத்த டாம்பரெல்லாம் வேலை செஞ்சுது சார். உங்க பக்கம் மட்டும்தான் ஆட்டம் அதிகம்" என்றாள். அதுவே அவருக்குச் சவுக்கடியாக இருந்தது.

வீடு திரும்பியவர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து, முகத்தில் ஒற்றி, கட்டிலில் வைத்தார். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் அலமாரியைத் தள்ளினார். மறுநாளே புது டாம்பர் பொருத்தும் வேலை தொடங்கியது.

அடுத்த சங்கக் கூட்டத்தில், இதுவரை வாய் திறக்காத மனிதர் எழுந்து நின்றார்.

"எனக்கு யாருமில்லைன்னு கதவைச் சாத்திக்கிட்டேன். அடிபட்டது எனக்காக ஓடி வந்த பொண்ணு. வீடு நம்மளுது, ஆனா அதோட சுவர் எல்லாரையும் சேத்துத்தான் தாங்குது. பாதுகாப்பைப் பாக்க வர்றவங்களுக்குக் கதவைத் திறந்து விடுங்க. தனியா வாழலாம், ஆனா நம்ம அலட்சியம் நம்மளோட மட்டும் போயிடாது."