வட்டம் வலது கைப் பக்கம்

பாண்டியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தமிழில்கூடத் தன் பேரை எழுதும்போது நடுவில் கை சற்று யோசிக்கும். ஆனால் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டால் கோரிப்பாளையத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வெள்ளைத்துரையின் பை கம்பெனி ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. கம்பெனி என்றால் ஏழு மிஷின், ஏழு பெண்கள். ரெக்சினில் தோள்பைகள் தைப்பார்கள். பம்பாய் ஏஜெண்டு அனுப்பும் லேபிளைக் கடைசியாக மூடியில் வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது. பைகள் லாரியில் பம்பாய்க்குப் போகும். லாரியில் போன பை அங்கே கப்பலில் வந்த ஃபாரின் பையாகிவிடும். இது வெள்ளைத்துரைக்குத் தெரியும். பெண்கள் யாரும் கேட்டதில்லை.

கை கோணாது என்பதால் லேபிள் வேலையும் பாண்டியம்மாளுடையது. 'வெர்லானோ' என்ற இங்கிலீஷ் லேபிளைக் காட்டி, சேர்ந்த அன்றே வெள்ளைத்துரை சொல்லிக்கொடுத்தார்.

"கடைசி எழுத்தைப் பாத்தியா, முழு வட்டம். வட்டம் வலது கைப் பக்கம் இருந்தா நேரு. அம்புட்டுத்தான்."

நாலு வருஷம் வட்டம் வலது கைப் பக்கமே இருந்தது. எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் லேபிள் மாறியது. புதுப் பேர் 'ஓர்லினி'. இதில் வட்டம் முதல் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்ல வேண்டிய வெள்ளைத்துரை மச்சினன் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் வழக்கம்போல வட்டத்தை வலது பக்கம் வைத்து முந்நூறு பையையும் தைத்து முடித்துவிட்டாள். முந்நூறிலும் ஓர்லினி தலைகீழாக நின்றார்.

பைகள் பம்பாய்க் கடைகளுக்குப் போய்விட்ட பிறகு ஏஜெண்டு போனில் திட்டிய திட்டை வெள்ளைத்துரை அப்படியே கொண்டுவந்து ஆறு பெண்களுக்கு முன்னால் அவள் தலையில் கொட்டினார்.

"ஓர்லினின்னா யாருன்னு தெரியுமா ஒனக்கு? இத்தாலியில நூறு வருசமா தோல் தைக்கிற பெரிய மனுசன் குடும்பம். மூணு தலைமுறை காப்பாத்துன பேரை ஒரே நாள்ல கவுத்துப்புட்டியே. எழுத்தறியாத கழுதைய வேலைக்கு வச்சது என் தப்பு. நாளைலருந்து வராத."

பாண்டியம்மாள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அந்தக் கவலை ஒரு பக்கம். கழுதை என்றபோது பக்கத்து மிஷின் மலையம்மாள் குனிந்து சிரிப்பை அடக்கியதைப் பார்த்துவிட்டாள். அது இன்னொரு பக்கம். இதற்கெல்லாம் மேலே, எங்கோ இருக்கிற ஒரு கிழவரின் பேரைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அறுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அழகர்கோவிலுக்குப் போனாள். பொய் சொன்னவனை விடாத பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால், சந்தனம் பூசிய கதவைப் பார்த்துச் சூடம் கொளுத்தி, முகம் தெரியாத ஓர்லினியிடம் மன்னிப்புக் கேட்டாள். இப்படி ஒரு வெகுளி.

பிறகு பரவை மார்க்கெட்டில் வெங்காயம் பிரிக்கும் வேலை கிடைத்தது. சித்திரையில் ஒருநாள் டவுன் பஸ்ஸில் வரும்போது முன்சீட்டில் இரண்டு ஆபீஸ்காரப் பெண்கள். ஒருத்தி மடியில் அந்தப் பை. லேபிள் தலைகீழ். பாண்டியம்மாள் முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"என்ன ஸ்யாமளா, பேரைத் தலைகீழா தச்சிருக்கான்?" என்றாள் கூட இருந்தவள்.

"அதாண்டி ஒரிஜினல். பம்பாயிலேர்ந்து அத்திம்பேர் வாங்கிண்டு வந்தார். டூப்ளிகேட் பண்றவாளுக்கு இந்த விஷயம் தெரியாது, நேரா தச்சுடுவா."

பாண்டியம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, அது நான் தச்சதும்மா. கோரிப்பாளையத்துல."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காய வாடை அடிக்கும் சேலையைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார்கள்.

"உள்பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்க. கருப்பு நூல் தீந்துபோயி பச்சை நூல் போட்டிருப்பேன்."

ஸ்யாமளா தூக்கிப் பார்த்தாள். பச்சை நூல்தான். பையைச் சட்டென்று மூடி மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"இத்தாலியிலயும் பச்சை நூல் இருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளைத்துரை மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். வெங்காயக் குவியலுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாண்டியம்மா, வேலைக்கு வா. மலையம்மா நேராத் தச்ச சரக்கு பூரா டூப்ளிகேட்டுன்னு திரும்பி வந்துருச்சு. தலைகீழா இருந்தாத்தான் வாங்குறாய்ங்களாம்."

பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பெரிய மனுசன் கோவிக்க மாட்டாராண்ணே?"

"எந்தப் பெரிய மனுசன்?"

"ஓர்லினி. மூணு தலைமுறைன்னீங்களே."

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"அழகர்கோவில் வரைக்கும் வாங்க. கருப்பன் முன்னால நின்னு, அந்தாளு இருக்காருன்னு ஒரு சத்தியம் பண்ணுங்க. அடுத்த பஸ்ஸுல வேலைக்கு வாரேன்."

வெள்ளைத்துரைக்கு முகம் வெளுத்தது. வரிக்காரனிடம் பொய் சொல்வார், ஏஜெண்டிடம் சொல்வார், பெண்டாட்டியிடம் தினமும் சொல்வார். கருப்பனிடம் மட்டும் சொல்ல மாட்டார்; அவருக்கு உசிர் மேல் ஆசை இருந்தது.

"ஆளே கிடையாது தாயி. ஏஜெண்டு டீ குடிக்கும்போது வாயில வந்த பேரு."

பாண்டியம்மாள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கோபம் கண்ணில் நீராக வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட அவள் நினைக்கவில்லை.

"இல்லாத ஆளுக்குத் தலை ஏது, கால் ஏதுண்ணே? அவன் பேரைக் கவுத்தேன்னு இருக்குற என்னைக் கழுதைன்னீங்க. நீங்க எனக்குச் சொல்லித் தந்தபடிதான தச்சேன்? அதை அந்த ஆறு பேரு முன்னாடி சொல்லுங்க. வாரேன்."

மறுநாள் காலை, மிஷின்கள் ஓடும் முன்பு, வெள்ளைத்துரை நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. லேபிள் மாறுனதை நான் சொல்லலை. தப்பு என்னுது. பாண்டியம்மா மேல ஒண்ணுமில்ல. ஓர்லினின்னு ஒரு ஆளும் இல்ல."

லேபிள் ஒன்றைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த மலையம்மாள்தான் கேட்டாள்.

"அப்ப இனிமே எதுண்ணே நேரு?"

வெள்ளைத்துரை பாண்டியம்மாளைப் பார்த்தார். மற்றவர்களும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தன் பழைய மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்து, லேபிளை மூடியின் மேல் வைத்தாள்.

"வட்டம் வலது கைப் பக்கம்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.