ஆருக்கு ஒருசந்தி?

கிளினிக்கில் தேவராசாவுக்கு அன்று ஏகப்பட்ட பாராட்டு. அறுபத்தெட்டு வயதில் சீனியும் பிரசரும் இறங்கிவிட்டன, நிறையும் ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. "நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருங்கோ" என்று முன்பு சொல்லியிருந்த டொக்டர், தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். பிரான்சிலிருந்து மகள் றஜனியும் போனில், "அப்பா, உங்களுக்கு நூறு வயசு நிச்சயம்" என்றாள்.

பாவங்கள், ஒருவருக்கும் விஷயம் தெரியாது. பதினாறு மணித்தியாலம் இப்போது இருபத்திரண்டாகிவிட்டது. மனைவி லூர்த்தம்மா செத்து ஐந்து மாதம். அன்றோடு பசியும் போய்விட்டது. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனிதர் மரத்துப்போய்க் கிடந்தார். டொக்டர் சொன்ன பட்டினி நல்ல சாட்டாக வாய்த்தது. யார் சாப்பாட்டோடு வந்தாலும், "இன்னும் நேரமாகேல்லை" என்று அனுப்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா ஒரு சட்டி புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்தாள்.

"இன்னும் நேரமாகேல்லை, தங்கச்சி. இண்டைக்கு ஒருசந்தி."

குருநகரில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னால் விடுவார்களா? ஒருசந்தி என்று ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தால் அதை யாருக்காகவாவது ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும்.

"ஆருக்கு ஒப்புக்கொடுக்கிறியள், அண்ணை?"

"ஆருக்குமில்லை. சும்மாதான்."

"சும்மா ஆர் ஒருசந்தி இருக்கிறது? லூர்த்தக்கா எத்தினை வருசம் வெள்ளிக்கிழமையிலை இருந்தவ. எல்லாம் உங்களுக்குத்தானே."

"எனக்கோ?"

"பின்னை? கடலுக்குப் போற மனிசனுக்கு ஆயுசு கெட்டியா இருக்கோணும் எண்டுதான். நீங்கள் போட்டை வித்தாப் பிறகும் விடேல்லையே."

தேவராசா அந்த வெள்ளிக்கிழமைகளில் மனைவியைப் பகிடி பண்ணியவர். "மெலிஞ்சு குமரியாகப் போறியோ?" என்று கேட்டு, அவள் முன்னாலேயே இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர். அவள் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், பாவி மனுசி.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து மாதத்தில் உள்ளே தட்டுப்பட்டது அது ஒன்றுதான்.

சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவந்து உட்கார்ந்தார். செபஸ்தியம்மா பரிமாறினாள். புட்டைக் குழம்பில் குழைத்து வாயில் வைத்தார். பசியில்லை, ருசியும் தெரியவில்லை. மென்று விழுங்கினார். கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு, தங்கச்சி."