பூட்டிய வாளிகள்

ஒலி முகம்மது மரைக்காயர் வாளிக்குப் பூட்டுப் போட்ட அன்றே ருக்கையாவுக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்குப் பூட்டுப் போடுவார்கள், பெட்டிக்குப் போடுவார்கள். தீயணைக்கிற வாளிக்குப் பூட்டுப் போட்ட மகராசனைச் சிராங்கூன் ரோட்டில் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கீழே மரைக்காயரின் சாக்குக் கடை. மாடியில் வாடகைக்கு ருக்கையாவும் அவள் தங்கை ஆயிஷாவும். ஆயிஷா பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். இறங்குவதற்கு இருப்பது ஒரே மரப்படி. அதன் அடியிலும் மரைக்காயர் சாக்குக் கட்டுகளைத் திணித்து வைத்திருந்தார்.

நகராட்சிக்காரர்கள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் கடை முன்னால், மாடிக்குக் கீழே ஓடும் அஞ்சடி நடைபாதையில் சிவப்பு வாளிகள் தொங்கின. நோன்பு பிறந்ததும் அக்கம்பக்கத்தார் பள்ளிவாசல் கஞ்சி வாங்க அவற்றை எடுத்துப் போனார்கள். ருக்கையா வீட்டுக்கும் ஒருநாள் அதில்தான் கஞ்சி வந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ஒரு வாளி திரும்பி வரவில்லை. உடனே மரைக்காயர் மிச்சத்தைச் சங்கிலியில் கோத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டார்.

"காக்கா, நெருப்பு உங்ககிட்ட சாவி கேட்டுக்கிட்டா வரும்?" என்று அண்ணன் முறை வைத்தே ருக்கையா கேட்டாள்.

"வாளி போனா நீ வாங்கித் தருவியா? நெருப்பு வர்றப்ப பாத்துக்கலாம், போ."

"மாடியில பச்ச உடம்புக்காரி படுத்திருக்கா. அந்தச் சாக்கையாவது படிக்கு அடியிலேருந்து எடுங்க."

மரைக்காயர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை. கஞ்சி வாங்கிக்கொண்டு ருக்கையா தூக்குச்சட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். கூடவே தெருக்காரர்கள் சிலரும், மாட்டுவண்டிக்கார வடிவேலுவும். அவனுக்கு நோன்பில்லை, ஆனால் நோன்புக் கஞ்சி என்றால் உயிர். மரைக்காயர் வழக்கம்போல் கடைக்குச் சாம்பிராணி காட்டி, சட்டியைத் தணலோடு படியடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தணல் சாக்கில் பற்றிக்கொண்டது.

படிவாசலில் புகை முட்டியது. உள்ளே சாக்குக் கட்டு எரிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து "லாத்தா, லாத்தா" என்று அக்காவைக் கூப்பிடும் ஆயிஷாவின் குரலும் குழந்தையின் அழுகையும் கேட்டன.

ருக்கையா ஓடிப்போய் வாளியைப் பிடித்து இழுத்தாள். சங்கிலி கலகலத்ததே தவிர வாளி வரவில்லை. வடிவேலு கல்லை எடுத்துப் பூட்டை அடித்துப் பார்த்தான். வாங்குவதையெல்லாம் மட்டமாக வாங்கும் மரைக்காயர், வாளிக்கு மட்டும் நல்ல சீமைப் பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார்.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் இருந்தது. பிடிக்கத்தான் பாத்திரமில்லை, எல்லார் பாத்திரத்திலும் கஞ்சி. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். நாளெல்லாம் வறண்ட தொண்டை ருக்கையாவுக்கு. அவள் சட்டியைத் தூக்கி, கஞ்சியை அப்படியே நெருப்பில் கவிழ்த்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. ஊத்திட்டுத் தண்ணி பிடிங்க."

ஒருவர் ஊற்றினார், பிறகு எல்லாரும் ஊற்றினார்கள். வடிவேலுவும் தன் பங்கை ஊற்றினான். காலிச் சட்டிகள் குழாய்க்கும் படிக்கும் ஓடின. தீ தணிந்த இடைவெளியில் ருக்கையா ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏறி, தங்கையைத் தோளில் சாய்த்து, குழந்தையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு இரண்டு படிகள் முறிந்து விழுந்தன.

எல்லாம் அணைந்தபின் மரைக்காயர் வந்தார். மூச்சிரைக்கப் பூட்டைத் திறந்தார். வடிவேலு வாளிகளை எடுத்துப் பார்த்தான். ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் பல்லி முட்டை கிடந்தது.

"பூட்டி வச்சதால வாளியாவது தப்பிச்சிச்சு," என்றார் மரைக்காயர். தாடியில் கஞ்சி ஒட்டியிருந்தது.

ருக்கையாவுக்கு வந்த ஆத்திரத்தில் வாய் பேசவில்லை, கை பேசியது. பூட்டையும் சாவியையும் அவர் கையிலிருந்து பிடுங்கினாள். சங்கிலியை உருவி அவருடைய கடைக் கதவில் சுற்றிப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள்.

"ஏ புள்ள, கடைய நான் திறக்க வேணாமா?"

"படிக்கு அடியில கிடக்கிற மிச்சச் சாக்கையும் அள்ளுங்க, படியக் கட்டிக் குடுங்க. அப்புறம் வந்து சாவி கேளுங்க, காக்கா."

மரைக்காயர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலிச் சட்டியும் கரிபடிந்த முகமுமாகத் தெருவே நின்றது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியடிச் சாக்கை இழுக்கப் போனார்.

வடிவேலு சிவப்பு வாளிகளைக் குழாயில் நிரப்பிவந்து வரிசையாக மாட்டினான். ருக்கையா முதல் வாளியில் கைவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் அள்ளி, பிஸ்மில்லா சொல்லி நோன்பு திறந்தாள். குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வாளியை மறுபடி நிரப்பிவிட்டுத்தான் தங்கையிடம் போனாள்.