கிணற்றடிச் சுவர்

வியாழக்கிழமை அஸர் தொழுத கையோடு றஸாக் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையிடுக்கில் கறுப்பு நிறத்தில் புதிய ரீவி கேம் ஒன்று. சாய்மனைக் கதிரையில் கிடந்த வாப்பா எழும்பப் பார்த்தார். "இருங்க மாமா, இருங்க" என்று றஸாக் அவரை அமர்த்தினார். மாமா! எங்கள் கலியாணம் இன்னும் நடக்கவில்லை. என்னுடைய முதல் கலியாணத்தையே, கலியாண வழக்குக் கேட்கும் காதியார் இன்னும் அறுத்துவிடவில்லை, அதற்குச் சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார். அதற்குள் மாமா முறை வந்துவிட்டது. வாப்பாவுக்கோ அதைக் கேட்டு முகமெல்லாம் பல்.

"ஹில்மி சவூதியால கொண்டுவந்த ரெண்டாம் பாகம் இரிக்கிதானே, அதே கேம்தான்" என்றார் றஸாக். வாப்பாவிடம் சொல்வதுபோல, குசினி வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற எனக்குச் சொன்னார். "அத இப்ப புதிசாச் செஞ்சி விட்டிருக்கானுகள். கலரெல்லாம் வேற மாதிரி. நஸீறாக்கெண்டுதான் கொழும்பால எடுப்பிச்ச."

ஹில்மி என் புருஷன், றஸாக்கின் கூட்டாளி. ஏழு வருடங்களுக்கு முன், தொண்ணூறாம் ஆண்டு, வீட்டை விட்டுப் போனவர் வரவில்லை. அவருடைய மௌத்தை ஒருவரும் காணவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இதை இத்தனை சுருக்கமாகச் சொல்ல எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

அந்தப் பழைய கேமைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலாம் பாகத்தில் ஒருவன் கடலோரக் கோட்டைக்குள் போய், பட்டபாடெல்லாம் பட்டு, வெளியே வருவான். இரண்டாம் பாகத்தில் அதே ஆள் அதே கோட்டைக்குள் திரும்பவும் போவான். ஏன் போகிறான் என்று எங்களுக்குத் தெரியாது, எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. "எதையோ மறந்து வச்சிட்டு வந்திட்டான் போல" என்பார் ஹில்மி. அந்த ஆளுக்கு நாங்கள் சேகு என்று பெயர் வைத்திருந்தோம். சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் தடியனுக்கு எங்கள் பழைய விதானையாரின் பெயர். விட்ட இடத்திலிருந்து தொடர, கேம் ஏதோ இரகசிய எழுத்துகள் கேட்கும். ஜப்பான் எழுத்தை யார் எழுதுவது? ரீவியை மட்டும் நூர்த்துவிட்டுப் பெட்டியை இரவு பகலாக எரியவிடுவோம். கரண்ட் போனால் சேகுவும் போனான், மறுபடி கோட்டை வாசலிலிருந்துதான்.

ஹில்மி போன அன்று வெள்ளாப்பில், விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு, வேன் வரும்வரை கொஞ்ச நேரம் விளையாடினார். ரேடியோக் கடைக்குச் சாமான் எடுக்க மட்டக்களப்புப் பக்கம் போகிற பயணம். பாதை திறந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். "நஸீறா, ஓடி வாங்க, ஓடி வாங்க!" என்று கத்தினார். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து மாக் கையோடு ஓடினேன்.

கோட்டையின் அடித்தளத்தில் ஒரு கிணறு உண்டு. ஆயிரம் தரம் அதைத் தாண்டிப் போயிருப்போம். அதன் சுற்றுக்கட்டின்மேல் ஏறி, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, குந்தி, குந்தினபடியே பாய்ந்தால் சுவர் வழிவிட்டது. பின்னால் ஒரு சிறிய அறை, அதில் ஒரே ஒரு விளக்கு. சேகு அதைத் தொட்டதும் குறைந்துபோன உயிரெல்லாம் நிறைந்துவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள் என்று கேமின் பிடியை என் கையில் திணித்தார். பிடியெல்லாம் மா அப்பிக்கொண்டது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

"ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க" என்றார். "றஸாக்குக்கு நான்தான் சொல்லணும். அவன்ட மொகத்தப் பாக்கணும் எனக்கு."

வேன் ஹோர்ன் அடித்தது. போனார்.

அன்று பகல் பாதையில் வாகனங்களை மறித்தார்கள், ஆயுதத்தோடு நின்றவர்கள் ஆண்களை இறக்கினார்கள் என்று விசளம் வந்தது. அந்த வேனில் போன ஒருவரும் திரும்பவில்லை. வழியில் யார் யார் ஏறினார்கள் என்று சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை. பின்னேரம் ஊரில் கரண்டும் போயிற்று. றஸாக் மூன்றாம் நாள் வந்து, எங்கள் வாசல்படியில் குந்தியிருந்து குழறிக் குழறி அழுதார். அக்கரைப்பற்றில் தன் ராத்தா வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தாராம். "ஒரு கிழமையா அவன்ட மொகத்தக் காணவே இல்லயே நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் எனக்கே அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஏழு வருடமும் றஸாக்தான் எங்களுக்குக் கை. கூரை ஒழுகினால் ஆள் கொண்டுவருவார். கர்ஃபியூ போடுமுன் அரிசி மூட்டை வாசலுக்கு வந்துவிடும். தங்கச்சி அப்ராவின் பள்ளிக்கூட விஷயம், வாப்பாவின் மருந்து, எல்லாம் அவர். நானோ மனைவியுமில்லை, கைம்பெண்ணுமில்லை. மௌத்தான புருஷனுக்காக இத்தா இருந்து எழும்பவும் முடியாது, ஒரு கலியாண வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாது. போன வருடம் அவர் ஆள் விட்டுப் பெண் கேட்டபோது ஓம் என்றேன். ஊர் வாய்க்காகச் சொல்லவில்லை. கேட்டைத் திறந்து வாப்பாவைக் கூப்பிடும் அந்தக் குரலுக்காக நான் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். உண்மை அதுதான்.

ஆனாலும் அந்தக் கிணற்றடி அறையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்ராவுக்குக்கூடக் காட்டவில்லை. வீட்டில் ஆளில்லாத பகல்களில் பழைய பெட்டியைப் போட்டு, கோட்டை வாசலிலிருந்து கிணறுவரை போய், சேகுவை அந்த அறைக்குள் நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த உலகத்தில் எனக்கும் ஹில்மிக்கும் மட்டும் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

றஸாக் புதிய பெட்டியை ரீவியில் பூட்டினார். அப்ரா பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். திரையில் அதே கோட்டை எழும்பியது. இப்போது அதற்குப் பின்னால் கடல் அசைந்தது, கல்லில் பாசி படர்ந்திருந்தது. சேகுவுக்கு முகம் வந்திருந்தது. பழையதில் அவனுக்குக் கண் மூக்கு கிடையாது. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை, யாரோ ஊரார் சேகுவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது. றஸாக் நன்றாகத்தான் விளையாடினார். தடியனிடம் சாவியைப் பறித்து, ஏணிகளில் இறங்கி, அடித்தளத்துக்கு வந்தார்.

கிணறு அதே இடத்தில் இருந்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு திரைச்சீலையை விலக்கிய நேரம், சேகு கிணற்றுக் கட்டின்மேல் ஏறினான். முகத்தைச் சுவருக்குத் திருப்பினான். குந்தினான். குந்தினபடியே பாய்ந்தான்.

சுவரில் முட்டி விழுந்தான்.

றஸாக் திரும்பவும் ஏற்றினார். சுவருக்குத் திரும்பி, குந்தி, பாய்ந்தார். முட்டியது. இன்னொரு தரம். அவருடைய விரல்கள் யோசித்துச் செய்யவில்லை, வெகுகாலம் மனதில் கிடந்த ஒன்றைச் செய்தன.

"இஞ்சதானே இரிக்கணும்" என்று முணுமுணுத்தார்.

"என்ன இரிக்கணும்?" என்றாள் அப்ரா.

"ஒரு ரூம். பழைய கேம்ல இந்தச் சுவத்துக்குப் பின்னால ஒரு ரூம் இரிக்கி. புதிசாச் செஞ்சவனுகள் அடச்சிட்டானுகள் போல."

"அத ஒங்களுக்கு ஆரு சொன்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்பு, அதுதான் கொடுமை. "வேற ஆரு, ஹில்மிதான். நஸீறா ரொட்டி மாக் கையோட ஓடி வந்தா, பிடியெல்லாம் மாவாப் போயிட்டு எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

"எப்ப?"

"எப்பயோ. முந்தி." மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார்.

நான் தட்டை வாப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். அடுப்பை நூர்த்தேன். திரும்பப் பற்றவைத்தேன். ஹில்மி அந்த அறையைக் கண்டது அன்று வெள்ளாப்பில். அதற்கு முன் அது அவருக்கே தெரியாது. கண்டார், காட்டினார், வேனில் ஏறினார், போனார். அப்படியென்றால் சொல்லிச் சொல்லிச் சிரித்தது எங்கே? வேனுக்குள். பக்கத்தில் இருந்த ஆளிடம்.

அக்கரைப்பற்றில் காய்ச்சலாகக் கிடந்த ஆளிடம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்ராவிடம் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். "ராத்தா, கேம்ல செவத்துல முட்டினதுக்கா கலியாணம் வேணாங்கிறீங்க?" மாவைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. எழுந்துபோய்ப் புதிய பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பாக்குச் சொல்லாதீங்க. வாப்பா தாங்கமாட்டாரு" என்றாள்.

ஓடித் தப்பிய ஆள் ஓடித் தப்பினேன் என்று சொல்லலாம். அதில் என்ன வெட்கம்? உயிர் எல்லோருக்கும் வெல்லம்தான். கூட வந்தவனைக் காப்பாற்ற முடியவில்லை என்றாலும் சொல்லலாம், நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியிருப்பேன். இந்த மனுஷன் ஒவ்வொரு கிழமையும் வந்து, நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி கொண்டுவந்தார், கூரை வேய்ந்தார். எதைச் சொல்லாமலிருக்க இத்தனையும் செய்தார்? அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை நினைக்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வேன் கொண்டுவருவது என்று கேட்க. நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டடிக்குப் போனேன்.

"ஹில்மி போன அண்டைக்கு நீங்க எங்க நிண்ட?" என்று கேட்டேன்.

"அக்கரைப்பத்துல. ராத்தாட வீட்ட. சொல்லித்தானே இரிக்கன்." அவர் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. வெகுநேரம் தேடின. தெருவில் ஒரு சைக்கிள் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தணித்தார். "பழசக் கிளறாதீங்க நஸீறா. நாளையோட எல்லாம் முடிஞ்சிரும். மறுகா நாம கதைக்கத் தேவையில்ல."

கெஞ்சலா, மிரட்டலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டைச் சாத்திக் கொளுக்கியை மாட்டினேன்.

காதியார் தன் வீட்டு முன்மண்டபத்தில்தான் வழக்குக் கேட்பார். சனிக்கிழமை காலை அங்கே மூன்று ஜூரிமார், ஒரு மேசை, பெண்கள் உட்கார ஒரு வாங்கு. வாப்பா புதுச் சாரம் உடுத்து, மணமகன் வீட்டார்போல மிடுக்காக இருந்தார். நானும் அப்ராவும் வாங்கில். றஸாக் உள்ளே வரவில்லை. இதில் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல, வெளியே முற்றத்தில் வேனோடு சாய்ந்து நின்றார். திறந்த கதவு வழியாக அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது.

காதியார் இளகிய மனசுள்ளவர். என்னிடம் அதிகம் கேட்கவில்லை. தேடினீர்களா, எங்கெங்கே தேடினீர்கள், தகவல் ஏதும் வந்ததா. வாப்பாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக, கேட்டாகவேண்டுமே என்பதற்காகக் கேட்டதுபோல, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரக் கடைசியாக் கண்டவங்க, அந்தப் பயணத்துல கூட இருந்தவங்க, ஆராவது இரிக்காங்களா?"

"இல்ல காதியார்" என்றார் வாப்பா.

அப்ராவின் விரல்கள் என் விரல்களுக்குள் இறுகின. இல்லை என்று நானும் தலையசைத்தால் போதும், பகல் சாப்பாட்டுக்குமுன் விடுதலையாகிவிடுவேன். ஓம் என்றால், ஹில்மி இந்த மண்டபத்தில், இத்தனை பேருக்கு முன்னால், என் கண்ணெதிரே மௌத்தாவார். ஏழு வருடமாக நான் சாகவிடாமல் வைத்திருந்த மனுஷன். அவர் எப்படிப் போனார் என்பது ஒரு தரம் காதில் விழுந்துவிட்டால், பிறகு அதை விழாததாக்க முடியாது.

"இரிக்கார்" என்றேன்.

வாப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன மகள் கதைக்கிற நீங்க?"

"அந்த வேன்ல அவரோட போன ஆள் ஒருத்தர் இரிக்கார். உசிரோட இரிக்கார். வெளியில நிக்காரு, கூப்பிட்டுக் கேளுங்க காதியார்."

கதவடியில் இருந்த ஜூரி எழுந்து வாசலில் நின்று, "தம்பி, ஒருக்கா உள்ளுக்கு வாங்க" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. றஸாக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தவர்போல விறுவிறுவென்று வந்தார். வாசலில் ஒரு காலின் செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். முதலில் வாப்பாவை, பிறகு என்னை. மறு செருப்பின் குதிகால் வாரைக் கழற்றக் குனிந்தார். கழற்றுவதற்கு அந்தச் செருப்பில் அப்படியொரு வாரே இல்லை. ஆனாலும் அவர் குனிந்தபடியே, விரலால் குதிகாலடியைத் துழாவித் துழாவி, நிமிராமல் நின்றார்.