அறுபத்தொரு விசைகள்

அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. கீபோர்டு நீளமாக இருப்பதால் மவுஸ் தள்ளிப் போகிறது, கை நாள் முழுக்க விரிந்தே கிடக்கிறது, சின்ன கீபோர்டாக வாங்குங்கள் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஆபீசில் வேகச் சோதனை. ஒரு மணி நேரத்தில் முன்னூறு பதிவு போட வேண்டும். இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் வேலை இல்லை. அவள் வீட்டு முன்னறையில்தான் எட்டு மாதமாக நான் படுத்துக் கிடந்தேன்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. ஒரு நல்லதா பாத்துச் சொல்லேன்டா."

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். இரவு ஷிப்டு கால் சென்டரை ஆறாம் மாதத்தில் விட்டேன். ஆனால் என்னிடம் யாரும் எதையும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு ஸ்விட்ச்; சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு பாதியில் லேசாகத் தடுக்கும். நீலம் ஊரைக் கூட்டும். நான்காம் நாள் நான் நிபுணன்.

அவள் ஆபீசில் என்ன தட்டுகிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. பார்சல் கம்பெனி, கம்ப்யூட்டர் வேலை. அதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "என்ன வேலைக்கும்மா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்தினேன். "டைப்பிங்தான். அறுபத்தொரு கீ இருக்கறது காட்டுங்க. பழுப்பு ஸ்விட்ச்."

அவர் எடுத்து வைத்தார். வெள்ளை நிறம், இரண்டு உள்ளங்கை அகலம்.

"ஐய, பொம்மை மாதிரி இருக்கு" என்று சிரித்தாள் அக்கா. பிறகு அவள் வலது கை தானாக ஓரத்துக்குப் போய் வெறும் மேஜையைத் தடவியது. "நம்பர் எங்கடா?"

"மேல் வரிசைல இருக்கு பாரு."

"எனக்கு நம்பர் நிறைய வருமே."

"எல்லாருக்கும்தான் வரும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"தம்பி, நம்பர் வேலைன்னா இது சரிப்படாது" என்றார் கடைக்காரர். "இதோட தனி நம்பர் பேட் ஒண்ணு வாங்கி இடது பக்கம் வச்சுக்கலாம். வலது கைக்கும் ஓய்வு கிடைக்கும்."

"சின்னதா வேணும்னுதானே வந்தோம்? அதுக்கு ஒரு வாலை வேற ஒட்டணுமாண்ணே?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவன் சொல்றதையே குடுங்க. நாலு நாளா வேற நினைப்பே இல்லாம பாத்திருக்கான்" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேஜையில் ஒரு கட்டுத் தாளை விரித்து உட்கார்ந்தாள். ஸ்கேனரால் படிக்க முடியாத, கிழிந்த பார்சல் சீட்டுகளின் நகல். சீட்டுக்குப் பன்னிரண்டு இலக்கம்.

"இதுல எழுத்தே இல்லையே?"

"இல்லடா."

"நாள் முழுக்க இதுவேவா?"

"ஆறு வருஷமா இதுதான்."

பழைய கீபோர்டின் வலது ஓர நம்பர் கட்டத்தில் ஆறு வருடமாக மூன்று விரலால், குனியாமல் அடித்தவள். இப்போது ஒவ்வொரு இலக்கத்துக்கும் குனிந்தாள், நிமிர்ந்தாள், வரியைத் தொலைத்தாள். போனில் நேரம் பார்த்தேன். இந்தக் கணக்கில் போனால் மணிக்கு நூற்று நாற்பது. வியாழக்கிழமை நூற்று அறுபது. கடை திறந்துதான் இருந்தது. நடந்தால் பத்து நிமிஷம். நம்பர் பேட் வாங்கி வருகிறேன் என்று சொன்னால், தப்பு செய்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

"விரலைக் கொஞ்சம் வளைச்சு வை" என்றேன்.

"சரிங்க துரை."

வெள்ளிக்கிழமை வலது கையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"முன்னூத்தி நாலு."

"பாத்தியா! பழகிடும்னு சொன்னேன்ல?"

"பழைய கீபோர்டுலடா. உன்னோடதைப் பையை விட்டே எடுக்கல."

துண்டை அவிழ்த்தாள். மணிக்கட்டு எது, புறங்கை எது என்று தெரியவில்லை. விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

"வேலை போகல. கைதான் போச்சு."

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மூடியைத் திறந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள அந்த நம்பர் பேடை வாங்கிட்டு வந்துடறேன்க்கா. இடது கையால பழகிக்கலாம்."

"வேணாம். இனிமே எனக்காக நீ எதையும் பாக்காத." கீபோர்டுப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து என் படுக்கைமேல் போட்டாள். "நீயே வச்சுக்க. உனக்குப் பிடிச்சுத்தானே வாங்கின."

அவள் உள்ளே போனதும் பெட்டியைப் பிரித்து என் லேப்டாப்பில் மாட்டினேன். எழுத்துகளை அடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

"கதவைச் சாத்திக்கிட்டுத் தட்டுடா" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.