யோசேப்பின் மணல்

இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் யோசேப்புக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டுதான். ஒரு கோப்பை பிளேன்ரீ, ஹோலில் விசிறிக்குக் கீழே ஒரு பாய். ஐம்பத்தாறு வயதில் அதற்கு மேல் கேட்கிற ஆசை அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பாய் விரிக்கிற இடத்தையும் ஒரு கொம்பியூட்டர் பறித்துக்கொண்டது.

புல்மோட்டையிலிருந்து லொறி லொறியாகக் கறுமணல் வரும். அதைத் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலின் வயிற்றுக்குள் கொட்டுவார்கள். உள்ளே இறங்கி நின்று, கொட்டிய மணலைச் சவலால் இழுத்து மட்டப்படுத்துவது யோசேப்பும் அவரோடு நிற்பவர்களும். விடியும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். பாரமான மணல். உதறினால் போகாது. குளித்தாலும் காதுமடலிலும் நகக்கண்ணிலும் கிடக்கும்.

மகன் றொஷானுக்கு இருபத்துமூன்று வயது. ஹோலின் மூலையில், கண்ணாடி போட்ட கறுப்புக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்கு முன்னால், காதில் கவசம் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுட்டு விளையாடுவான். அதைச் சும்மா விளையாட்டென்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. கொழும்பில் இப்படிப் போட்டிக்கு விளையாடுகிற ஒரு குழு அவனைப் பரீட்சித்துப் பார்க்க நாள் குறித்திருந்தது. அதில் தேறினால் மாதச் சம்பளமும் வெளிநாட்டுப் பயணமும் கிடைக்குமென்று அவன் தாய் ஞானமலருக்குச் சொல்லியிருந்தான். ஞானமலர் அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

பிரச்சினை என்னவென்றால், விளையாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து அந்தப் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. எழுத்து ஒன்றும் வராது, சத்தமும் வராது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. றொஷான் பிளக்கை மாற்றினான். உள்ளே இருந்த மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தான். விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டான். எதுவும் சரிவராமல், டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்த கிண்ணியா தாஹிரை வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

தாஹிர் பக்கத் தகட்டைக் கழற்றியபோது யோசேப் நித்திரை. காற்றாடிகளின் நடுவில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. தாஹிர் காந்த முனை வைத்த திருப்புளியைக் கிட்டக் கொண்டுபோனார். கறுப்புத் தூள் மயிர் சிலிர்த்த மாதிரி எழும்பி முனையில் ஒட்டிக்கொண்டது. காந்தத்தில் எழும்பி நிற்கிற மணல் எங்கிருந்து வருமென்று அந்தத் துறைமுகப் பக்கத்தில் பால்குடிக்கும் தெரியும்.

யோசேப் கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டார்.

தாஹிர் பகிடியாகத்தான் சொன்னார். "அண்ணன் விடுற மூச்சிலயே ஒரு கப்பல் மண் வருது போல."

றொஷான் சிரிக்கவில்லை. காற்றாடி அடைபட்டுச் சூடேறித்தான் பெட்டி நிற்குது என்று சொல்லி, தாஹிர் மணலை ஊதித் துடைத்து, சூட்டுக்குப் போடுகிற பசையும் புதிதாகப் பூசி மூடிவிட்டுப் போனார். அன்றைக்குப் பெட்டி ஒருதரமும் நிற்கவில்லை. வீட்டுக்கு அந்தச் சாட்சி போதும்.

அடுத்த நாள் விடிய யோசேப் வந்தபோது பாய் வீட்டின் பின்கோடியில், விறகு அடுக்குகிற பத்தியில் கிடந்தது. பரீட்சை முடியுமட்டும்தான் என்று ஞானமலர் தன்மையாகச் சொன்னாள். அவர் மறுத்துக் கதைக்கவில்லை. அது ஞானமலரின் சீதன வீடு. கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு அவர் ஏறி வந்த வீடு. முப்பது வருஷமாகக் கூரையும் சுவரும் அவர் கையால்தான் எழும்பின. ஆனாலும் சண்டை வரும்போது "என்ர வீடு" என்று சொல்ல அவரால் முடியாது, அவளால் முடியும்.

பத்திக்குத் தகரக் கூரை. ஆடி மாதத்து வெயிலில் காலை ஒன்பது மணிக்கே தகரம் படபடவென்று வெடிக்கத் தொடங்கிவிடும். யோசேப் துவாயை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். துவாய் காய்ந்ததும் முழிப்பு வரும். திரும்ப நனைப்பார். நித்திரை இல்லாமல் வேலைக்குப் போய், மணல் மேட்டிலிருந்து சறுக்கிக் கப்பலின் இரும்பில் நெற்றியை அடித்துக்கொண்டார். பரீட்சை முடியுமட்டும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பெட்டி ஒழுங்காக ஓடினால் தன் இடம் தனக்கு வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கப்பலுக்குள் நின்றபோதுகூட, இப்போது அது ஓடுதோ நின்றுவிட்டதோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அது திரும்பவும் நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து விளையாட உட்கார்ந்த றொஷான், பெட்டி செத்த கையோடு பத்திக்கு வந்தான்.

"நாங்க பூசைக்குப் போன நேரம் உள்ளுக்க வந்தனீங்களோ?"

"இல்லையடா மோனே. நான் இதிலதான் படுத்தனான்."

"விசிறி போட்டுப் படுத்திருப்பீங்க. பொய் சொல்லாதேங்கோ."

அன்றிலிருந்து சோதனை தொடங்கியது. பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தத்தைக் குசினி வாசலில் ஒரு ஆணியில் தொங்கவிட்டான் றொஷான். யோசேப் சாப்பிடவோ உடுப்பு எடுக்கவோ உள்ளே வருவதானால் முதலில் வாசலில் நிற்க வேண்டும்.

"தலையைக் குனியுங்கோ."

குனிவார். மகன் காந்தத்தைப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் நாலு மணல் துகள் மயிர் மாதிரிக் காந்தத்தில் நிற்கும். "போய் இன்னொருக்காக் குளியுங்கோ" என்பான். கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்து களைத்து, பிறகு அவர் சோற்றையும் வெளியே கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். பூசைக்குப் போடுகிற சேட்டை ஞானமலர் யன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினாள்.

இந்தக் கதை எப்படியோ துறைமுகத்துக்கும் போய்விட்டது. உன்ர மோன் சுங்கத்தில வேலை எடுத்திட்டானோ, உன்னை ஸ்கான் பண்ணித்தான் விடுகிறானாமே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். யோசேப்பும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

காந்தச் சோதனை நடந்த நாளிலும் பெட்டி நின்றது. யோசேப் வீட்டுக்குள் கால் வைக்காத நாளிலும் நின்றது. பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கையில் றொஷான் திரும்பத் தாஹிரைக் கூப்பிட்டான்.

இந்த முறை தாஹிர் அவசரப்படவில்லை. திரையின் ஓரத்தில் சூடு எவ்வளவென்று காட்டுகிற சின்னக் கட்டமொன்றைத் திறந்து வைத்துவிட்டு, றொஷானை விளையாடச் சொன்னார். யோசேப் குளித்துவிட்டுப் பின்யன்னலடியில் வந்து நின்றார். வழக்கம்போல, சண்டை மும்முரமான இடத்தில் எல்லாம் இருண்டது.

"சூடே ஏறயில்ல தம்பி. சூடு ஏறாம செத்திருக்கு" என்றார் தாஹிர்.

கடைக்குப் போய்ப் பாரமான பவர் சப்ளை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பின்னேரம் முழுக்க றொஷான் விளையாடினான். பெட்டி ஒருதரமும் கண் மூடவில்லை. பழையதைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டு தாஹிர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"சுவிஸ் மாமா அனுப்பின கிராபிக்ஸ் காட் இழுக்கிற கரண்டை இந்தப் பழசால குடுக்க ஏலாது. இழுக்க இழுக்க இது படுத்திடுது. மண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஞானமலர் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போனாள். சுவிஸ் மாமா அவளுடைய கூடப்பிறந்தவர். அந்தக் காட் வந்த நாள் அவள் கேக் வெட்டியவள்.

யோசேப் பத்திக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். பாயைச் சுருட்டினார். தலையணையை மூன்று நாலுதரம் தூணில் அடித்தார். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குசினிப் படியில் வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் ஹோல் தெரியும். அவர் படுக்கிற இடத்தில் புதிதாக ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் சக்கரம் வைத்த கதிரையொன்று நின்றது. அதில் றொஷான் இருந்தான். விசிறி அவன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

றொஷான் தகப்பனைக் கண்டான். பாயையும் கண்டான். கதிரையைத் தாஹிர் பக்கம் திருப்பினான்.

"எண்டாலும் தாஹிர் நானா, மண் படுறது இதுக்குக் கூடாதுதானே?"

தாஹிர் நிமிர்ந்து, படியில் பாயோடு நின்ற மனிதனைப் பார்த்தார். அவர் நேர்மையான தொழில்காரன். மணல் நல்லதென்று அவரால் சொல்ல ஏலாது.

"கூடாதுதான்" என்றார்.

அது பொய்யில்லை. தாஹிர் தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். றொஷான் காதுக் கவசத்தை மாட்டினான்.

ஞானமலர் பிளேன்ரீயோடு படிக்கு வந்தாள். பாயை விரியுங்கோ என்றும் சொல்லவில்லை, கொண்டுபோங்கோ என்றும் சொல்லவில்லை. கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் பத்தியைப் பார்த்தாள்.

"மாரிக்கு முதல் அதில ஒரு தறப்பாள் கட்டோணும். இல்லாட்டி நனைவியள்."

பரீட்சை வருகிற கிழமை. மாரி தொடங்க இன்னும் மூன்று மாதம் கிடந்தது.

யோசேப் தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்தார். உள்ளே வெடிச்சத்தம் விடாமல் கேட்டது. றொஷான் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம்?" என்று யோசேப் கேட்டார்.

வாடைக்காற்று வருகிற பக்கத்தை அவள் கையால் காட்டினாள். அவர் பாயை விறகின்மேல் வைத்தார். கூரை மரத்தில் கிடந்த கயிற்றை இழுத்து, அது மற்றத் தூண் வரைக்கும் எட்டுமோ என்று பிடித்துப் பார்த்தார்.